பொந்துக்குள் தண்ணீர்

சகலையைப் பார்த்தாலே கருவிக்காரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காளை இவன் கட்டினான், தங்கையை அவன் கட்டினான். உறவு அத்தோடு நின்றிருக்கலாம். மனைவி நச்சரித்தாளே என்று மேலதிகாரி மேடத்திடம் சிபாரிசு செய்து, தன் ஆய்வுக்கூடத்திலேயே சகலைக்கு வேலை வாங்கிக் கொடுத்தான் பாருங்கள், அது சொந்தச் செலவில் வைத்துக்கொண்ட சூனியம்.

அகச்சிவப்புக் கருவியை ஓட்டுவது இவன் வேலை. புரதத்தைத் தயார் செய்து, அதன் பொந்துக்குள் ஒரு சின்ன ஒட்டைப் பொருத்தித் தருவது சகலை வேலை. ஒட்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கார்பனும் நைட்ரஜனும் கைகோத்த ஒரு துணுக்கு. அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் அது திரையில் ஒரு சிகரமாக எழும். சுற்றித் தண்ணீர் இருந்தால் சிகரம் இடப்பக்கம் நகர்ந்து நிற்கும், காய்ந்த இடமென்றால் வலப்பக்கம் நிற்கும். அந்தப் பொந்தில் போய் உட்காரத்தான் வெளியூர்க் கூட்டாளிகள் ஒரு மருந்து செய்துகொண்டிருந்தார்கள்.

பொந்து காய்ந்து கிடக்கிறது என்று இவன் இரண்டு வருடமாகச் சொல்லி வந்தான். சகலை வந்து ஆறே மாதம், அவன் தயாரித்த புது மாதிரியில் சிகரம் டக்கென்று தண்ணீர்ப் பக்கம் போய் நின்றது. மேடம் துள்ளிக் குதிக்காத குறைதான். நிரந்தர வேலை ஒன்றே ஒன்று இருக்கிறது, யார் சொன்னது சரியோ அவருக்குத்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். இவன் ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். சகலை தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்துக்கொண்டே, "சகலை, இதுல தண்ணி இருக்கா பாத்துச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் எங்க பாத்தாலும் காஞ்சு கிடக்குமே" என்றான். கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சொந்த மனைவியும் சிரித்தாள், அதுதான் இவனுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலையிலேயே சகலையின் மாதிரியில் மிச்சம் இருந்ததை எடுத்தான். முதலிலிருந்தே அந்தச் சிகரத்தின் உயரம் உதைத்தது. அவ்வளவு கொஞ்சம் புரதத்துக்கு அவ்வளவு பெரிய சிகரமா? மாதிரியை வடிகட்டிக் குழாயில் ஊற்றிச் சுழற்றினான். புரதம் பெரிது, மேலே தங்கிவிட்டது. கீழே இறங்கிய வெறும் நீரைக் கருவியில் வைத்து ஓட்டினான். அட பாவி! புரதமே இல்லாத நீரில் அதே சிகரம், அதே இடத்தில்!

சகலை சரியாகக் கழுவவில்லை. ஒட்டு போட்ட பிறகு ஆறு தடவை கழுவ வேண்டும். ஒவ்வொரு கழுவலிலும் புரதம் கொஞ்சம் போய்விடுமே என்ற அற்பத்தனத்தில் இரண்டோடு நிறுத்தியிருக்கிறான். பொந்துக்குள் போகாமல் வெளியே மிதந்த ஒட்டெல்லாம் தண்ணீர் இருக்கிறது என்று கத்தியிருக்கிறது. தண்ணீருக்குள்ளேயே கிடப்பது வேறென்னத்தைக் கத்தும்?

அப்போதே பக்கத்து அறைக்குப் போய்ச் சொல்லியிருந்தால் விஷயம் முடிந்தது. இவன் சொல்லவில்லை. மருந்து செய்கிற கூட்டாளிகள் மூன்று வாரம் கழித்து வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் சகலையின் மானம் கப்பலேற வேண்டும், இவனுக்கு அதுதான் வேண்டும். மூன்று வாரமும் வாயில் கொழுக்கட்டை வைத்தவன் மாதிரி இருந்தான். சகலை வம்புக்கு இழுத்தபோதெல்லாம், போடா, உனக்கு இருக்குடா ஒருநாள் என்று உள்ளுக்குள் கறுவினான்.

அந்த நாளும் வந்தது. கூட்டாளிகள் நான்கு பேர், மேடம், சகலை, இவன். சகலை அரைமணி நேரம் தண்ணீரைப் பற்றி அளந்து முடித்ததும் இவன் எழுந்தான்.

"ஒரு நிமிஷம். இது சகலையோட மாதிரி, புரதத்த மேல நிறுத்திட்டு வடிஞ்ச வெறும் தண்ணி. இதுலயும் அதே சிகரம் இருக்கு. அவர் ஒழுங்கா கழுவவே இல்ல. நீங்க பாத்தது பொந்து இல்ல, கழுவாத அழுக்கு."

சகலையின் முகத்தில் ஈயாடவில்லை. ஆகா, அந்த முகத்தைப் பார்க்கத்தான் இவன் காத்திருந்தான்! குளுகுளுவென்று இருந்தது.

மேடம் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். வரைபடத்தின் மூலையில் கருவி தானாகவே தேதி போட்டிருந்தது. ஆத்திரத்தில் இவன் அதைக் கவனிக்கவே இல்லை.

"இது போன மாசம் ஓட்டினது."

"ஆமா மேடம், வந்து..."

"மூணு வாரமா தெரியுமா உங்களுக்கு?"

கூட்டாளிகளில் ஒரு பெண் தலையில் கை வைத்துக்கொண்டு, "தண்ணி இருக்குன்னு நம்பி இந்த மூணு வாரத்துல பதினாலு மருந்து செஞ்சிட்டோம். எல்லாம் குப்பைக்கா?" என்றாள்.

"கழுவத் தெரியாதவருக்குக் கழுவக் கத்துக் குடுத்துடலாம்" என்றார் மேடம். "தெரிஞ்சும் மூடி வச்சவரோட வரைபடத்த இனிமே நான் எப்படி நம்புவேன்? நீங்க போறதுக்கு முன்னாடி உங்க சகலைக்கு இந்தக் கருவிய ஓட்டச் சொல்லிக் குடுத்துருங்க."

வெட்கமெல்லாம் பிறகு வந்தது. முதலில் வந்தது, பல்லைக் கடித்தும் அடங்காத கோபம்.

மறுநாள் சகலை அதே புரதத்தை ஆறு தடவை கழுவி எடுத்து வந்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு படிக வில்லைக்கு நடுவில் ஒரு சொட்டு விட்டு, திருகை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று இவன் காட்டினான்.

"மெதுவா. உடைஞ்சிரும்."

"மூணு வாரம் ஒரே மேசையில சாப்பிட்டோமே சகலை" என்றான் சகலை, திருகைப் பார்த்தபடியே. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"ஓட்டுங்க."

கருவி முனகி ஓய்ந்தது. சிகரம் எழுந்தது, சின்னதாக, வலப்பக்கத்தில். பொந்து காய்ந்துதான் கிடந்தது. இரண்டு வருடமாக இவன் சொன்னது அத்தனையும் சரி.

சேமிக்கும் முன் அளந்தவர் பெயர் என்ன என்று திரை கேட்டது. சகலை ஒரு கணம் இவனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தன் பெயரை அடித்தான்.