விழிப்புப் பொத்தான்

கூடத்திலிருந்து ரயில் கார்டின் விசில் கேட்டபோது அவள் அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். உடனே கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த டேப்லெட்டை எடுத்தாள். அப்பா வண்டியை எடுத்துவிட்டார். இனி நாற்பது நிமிடத்துக்கு அந்த வீட்டில் சமையல் நடக்கிற லட்சணம் தெரிந்ததுதான்.

அப்பா முப்பத்து நான்கு வருடம் ரயில் ஓட்டியவர். ஒரு நிமிடம் தாமதமானாலும் அன்றைக்கு யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அதனால் கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் நிமிஷம். கை நடுக்கம் வந்ததும் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சகிக்க முடியாமல்தான் அவள் ஒரு ரயில் ஓட்டும் வீடியோ விளையாட்டை வாங்கினாள். டிவியில் தண்டவாளம் ஓடும். மேசையில் படுக்க வைத்த டேப்லெட்தான் எஞ்சின் பலகை. வேகம், பிரேக், கதவு, விழிப்பு என்று உள்ளங்கை அகலத்துக்குப் பொத்தான்களை அவளே அதில் அமைத்துக் கொடுத்தாள். விழிப்பு என்பது நிஜ எஞ்சினிலும் உண்டு. நிமிடத்துக்கு ஒருமுறை சிவப்பு விளக்கு எரியும், டிரைவர் அதை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால், ஆள் தூங்கிவிட்டார் அல்லது செத்துவிட்டார் என்று முடிவுகட்டி வண்டி தானே நின்றுவிடும்.

முதல் வாரத்தில் அப்பாவின் வண்டி ஒரு ஸ்டேஷனைக்கூடப் போய்ச் சேரவில்லை. நடுங்குகிற விரல் கண்ணாடியில் பட்டால் யாரோ தேய்க்கிறார்கள் என்றுதான் டேப்லெட் நினைத்துக்கொண்டது. ஆறாம் நாள் அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். மறுநாள் அவள் அதே பொத்தான்களையும் தண்டவாளக் காட்சியையும் தன்னுடைய டேப்லெட்டிலும் ஏற்றினாள். ஒரே வண்டியை இரண்டு பலகையிலிருந்தும் இயக்கலாம். அப்பா கூடத்தில் அழுத்த, இவள் அடுப்படியில் அழுத்தினாள். வண்டி நிமிடம் பிசகாமல் போய்ச் சேர்ந்தது. "பாத்தியா, கை பழகிடுச்சு," என்று அவர் வந்து நின்றபோது அந்த முகத்தைப் பார்த்து அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அது புலிவாலைப் பிடித்த கதையாகிவிட்டது. கை தேறிவிட்டதாக அவர் டாக்டரிடம் சொன்னார். பழைய சிநேகிதர்களுக்குப் போன் போட்டுச் சொன்னார். போன வாரம் அவளையே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நீ கிளம்பும்மா. மாப்பிள்ளை எத்தனை நாள்தான் தனியா கிடப்பாரு? வண்டியே ஓட்டறேன், ஒரு டீ போட்டுக்க மாட்டேனா?"

அவள் வீட்டுக்காரரோ ஊரிலிருந்தே அவளுக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டார். கொதிக்கிற பாத்திரத்தை அந்தக் கை தூக்குவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. உண்மையைச் சொன்னால் மனிதர் உடைந்துபோவார். சொல்லாமல் போனால் வெந்துபோவார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது, அழுத்தினாள். வளைவு வந்தது, வேகத்தைக் குறைத்தாள். இத்தனை மாதத்தில் அவளுக்கும் கை தேர்ந்துவிட்டது. பிளாட்பாரத்தில் கோட்டுக்கு நேராக வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டு நிமிர்ந்தாள். அடுப்படி வாசலில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பாதம் இரண்டும் ஈரமாக இருந்தன.

"பாத்ரூம் போயிருந்தேன்," என்றார். "அவசரமா வந்துடுச்சு. விளக்கு எரிஞ்சு அதுவா நின்னுக்கும்னு எழுந்து போனேன். வந்து பாத்தா வண்டி ஓடிக்கிட்டிருக்கு."

அவள் டேப்லெட்டை மறைக்கக்கூட முயலவில்லை.

"எத்தனை நாளா?"

"நாலு மாசமாப்பா."

"தினமுமா?"

ஒரு நாளாவது அவரே ஓட்டியதாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பொய் அவள் நாக்கில் வரவில்லை. "ஆமாப்பா."

அவர் தலையை ஆட்டினார். அவள் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார். "நல்லாத்தான் நிறுத்தற. அந்த வளைவுல மட்டும் கொஞ்சம் முன்னாடியே பிரேக் போடு. நின்னுக்கிட்டு வர்றவங்க விழுந்துடுவாங்க." அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"அதை அங்கயே வச்சுட்டு வா," என்றார்.

அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு வேகத்தை அழுத்தினார். மூன்றாவது முறை வண்டி நகர்ந்தது. முதல் விளக்கு எரிந்தபோது கடைசி நொடியில் பொத்தான் பிடித்துக்கொண்டது. அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பாழாய்ப்போன அந்த ஒரு நொடி இரண்டு பேருமே நம்பிவிட்டார்கள்.

அடுத்த விளக்கு எரிந்தது. விரல் நான்கு முறை, ஐந்து முறை விழுந்தது. கண்ணாடியில் நகம் தட்டுகிற சத்தம்தான் கேட்டது. எட்டினால் தொட்டுவிடும் தூரம்தான். அவள் தன் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். மணி அலறியது. பிரேக் தானாகப் பிடித்து, வண்டி இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவே வயல்வெளியில் நின்றது. அதற்குப் பிறகும் அவர் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டே இருந்தார்.

பிறகு கையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அது அங்கேயும் ஆடியது.

"மாப்பிள்ளைக்குப் போன் போட்டுக் குடும்மா," என்றார். "ஞாயித்துக்கிழமை நீ வரலன்னு நானே சொல்லிடறேன்."

அவள் எண்ணை அழுத்தி, போனை அவர் காதோரம் பிடித்துக்கொண்டாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. டிவியில் பயிர் காற்றுக்குச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. வண்டிக்கு முன்னால் சிக்னல் பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.