ஆயிரத்து இருநூற்று ஐம்பது

தங்கை புருஷனைப் பேட்டரிக்காரருக்குப் பிடிக்காது. பிடிக்காது என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. பதினாறு வருஷமாகச் செத்த பேட்டரிகளுக்கு உயிர் கொடுத்துப் பிழைக்கிற மனுஷருக்கு, நாலு வீடியோ பார்த்துவிட்டு எதிலும் கை வைக்கிற அந்த ஆளைக் கண்டாலே எரியும். குரங்கு கையில் பூமாலை என்று தங்கையிடமே சொல்லியிருக்கிறார்.

இப்போதும் அவன் லட்சணம்தான். வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு மாதம் வெளியூர் போனவன் மெயினை அணைத்தான், இன்வெர்ட்டரை அணைக்கவில்லை. ஒற்றை வாசல் பல்பு பேட்டரியை ஒட்ட உறிஞ்சிவிட்டது. திரும்பி வந்தும் ஐயா கவனிக்கவில்லை. இப்போது பின்னறையில், குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குள் தங்கை வைத்த முந்நூறு முட்டைகள். அவள் சொந்தமாக ஆரம்பித்த தொழிலில் முதல் ஈடு. பொரிய இரண்டே நாள். நாளைக்கு ஒன்பது முதல் நாலு வரை கரண்ட் இருக்காது என்று அறிவித்துவிட்டார்கள். சூடு இறங்கினால் ஓட்டுக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடும்.

"கடை மூடறதுக்குள்ள புதுசு வாங்கிடறேன் மச்சான். சார்ஜர் இதைப் பேட்டரின்னே ஒத்துக்க மாட்டேங்குது."

"பன்னெண்டு வோல்ட் பேட்டரி ஆறுல கிடந்தா அது எப்படி ஒத்துக்கும்? புதுசுதான் வாங்கணும்னா நான் எதுக்கு? தள்ளி நில்லுங்க மாப்பிள்ளை."

தன் ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றி, பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று பக்கத்தில் இணைத்தார். நல்ல பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்துச் சார்ஜர் ஏமாந்தது. விளக்கு எரிந்து சார்ஜ் ஏற ஆரம்பித்தது. அரைமணி கழித்து ஸ்கூட்டர் பேட்டரியைப் பிரித்துவிட்டார்.

"மச்சான், நேத்து நான் இதுல..."

"நீங்க எதுவும் பண்ணாம இருந்தாலே பெரிய உபகாரம்."

அவன் வாயை மூடிக்கொண்டான். பேட்டரிக்காரருக்கு மனசு குளிர்ந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து, ஆசிட் அளக்கிற கண்ணாடிக் குழாயை ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு உறிஞ்சிப் பார்த்தார். ஆறிலும் ஆயிரத்து இருநூற்று ஐம்பது, கிட்டத்தட்ட முழு சார்ஜ் ஏறிய பேட்டரி காட்டுகிற அளவு. இப்படிக் காய்ந்த பேட்டரி தேற மூன்று நாளாவது மெதுவாக ஏற்ற வேண்டும்; ஒரே ராத்திரியில் எதுவும் இந்த அளவுக்கு வந்ததில்லை. அது அவருக்கே தோன்றியது. தோன்றியதைத் தன் கைராசி என்று எடுத்துக்கொண்டார். பேட்டரி நிஜமாகவே தாங்குமா என்று பாரம் கொடுத்துப் பார்க்கிற கருவியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"ஆயிரத்து இருநூத்தம்பது. இதைத் தூக்கிப் போடச் சொன்னார் உன் வீட்டுக்காரர்" என்றார் தங்கையிடம். பக்கத்தில் நின்றவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். ரோஷம் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்பதுக்குக் கரண்ட் போனது. ஒன்பது இருபதுக்கு இன்வெர்ட்டர் அலறி அடங்கியது. பெட்டிக்குள் விசிறி நின்றது. தங்கை கம்பளியைக் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றிப் போர்த்தினாள்.

"என்னண்ணா இது?"

"அளவு சரியாத்தான் இருக்கு..."

வாசலில் ஆட்டோ நின்றது. அவள் புருஷன் புதுப் பேட்டரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினான். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"முந்தாநேத்து தண்ணி மட்டம் காட்டற மிதவை சிவப்புல இருந்துச்சுன்னு ஆசிட் ஊத்திட்டேன் மச்சான். நீங்க அளவைச் சொன்னதும் பயம் வந்துடுச்சு. அந்த அளவு நான் ஊத்தின ஆசிட்டாலதானே வந்திருக்கும்?"

பேட்டரிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஆசிட் ஊற்றினால் அளவு ஏறும், சார்ஜ் ஏறாது. தண்ணீர் தவிர எதையும் ஊற்றாதீர்கள் என்று தன் கடைச் சுவரில் எழுதி வைத்திருக்கிற ஆள் அவர். குனிந்து ஸ்பானரை எடுத்தார்.

"அதை அவர்கிட்ட குடுத்துடுங்கண்ணா" என்றாள் தங்கை.

கொடுத்தார். அவன் முட்டி போட்டு உட்கார்ந்து ஒயரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

"பிளஸ் எந்தப் பக்கம் மச்சான்?"

கேட்டதில் கேலி இல்லை, நிஜமாகவே தெரியவில்லை. பேட்டரிக்காரர் விரலால் காட்டினார்.