மீரா சாகிப்பின் முதல் கப்பலும் அணைகிற பச்சை விளக்கும்

மீரா சாகிப் சரக்கு இறக்கும் ஏஜென்சி தொடங்கியபின் அவருக்கு வாய்த்த முதல் கப்பல் கீழவாஞ்சூர்த் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. ஒரு மலையையே உடைத்து ஏற்றியதுபோல அவ்வளவு நிலக்கரி. மூன்று மணிக்குள் காகிதங்கள் துறைமுகக் கம்பெனியின் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போகாவிட்டால், துறைமுகத்தில் அவருக்கான இடம் பின்னால் நிற்கும் கப்பலுக்குப் போய்விடும். பாயின் ஏஜென்சியும் அன்றோடு மூடுவிழா.

காகிதங்களைச் சாதாரண மெயிலில் அனுப்பக் கூடாதாம். இணையத்துக்குக் காவல் நிற்க அவர்கள் கொடுத்த ஃபயர்வால் பெட்டி வழியாக வந்தால்தான் வாங்குவார்களாம். பெட்டி வந்துவிட்டது; மாட்ட ஆள் வரவில்லை. பக்கத்து வீட்டில் நான் இருக்கும்போது ஆள் எதற்கு? இருபத்தாறு வருஷம் டெலிபோன் கம்பம் ஏறி ஓய்வுபெற்றவன். நான் ஏறிய கம்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நட்டால் நிலாவில் துணி காயப்போடலாம்.

"நெசமாவே மாட்டிருவீங்களாண்ணே?"

"ராக்கெட்டையே மாட்டுவேன் பாய், நீங்க டீ சொல்லுங்க."

சென்னையிலிருந்து பாரதிப்ரியா என்ற பெண் செல்போனில் வழி சொன்னாள். மோடத்தை வெறும் பாலமாக மாற்றினேன். இனி இணையத்தைக் கூப்பிடுவது பெட்டியின் வேலை. பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் பெட்டிக்குள் அடித்தேன். மோடத்தில் பச்சை விளக்கு நின்று எரிந்தது. பாய் என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்தார். என் தொப்பை அவரைக் காப்பாற்றியது.

காகிதம் பாதி போகையில் விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது.

"சார், ஃபயர்வால் சரியா இருக்கு. டெலிபோன் கம்பியில வர்ற டிஎஸ்எல் சிக்னல்தான் விழுது. அந்த லைன்ல வேற போன் இருக்கா?" என்றாள் பாரதிப்ரியா.

"இந்த ஒண்ணுதாம்மா" என்றார் பாய், என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி. நானும் கம்பீரமாகத் தலையாட்டினேன். மணி இரண்டு நாற்பது.

லைனில் இரைச்சல் இருக்கிறதா என்று பார்க்கப் பாயின் டெலிபோன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன்.

"மாப்பிள்ளைக்கு முடி இல்லாட்டி என்னடி, வேலை இருக்குல்ல?" என்றது என் மனைவி கல்யாணசுந்தரியின் குரல்.

என் முதுகில் ஆயிரம் நண்டுகள் ஊர்ந்தன. பதினெட்டு வருஷத்துக்கு முன், டெலிபோனுக்கு மனுப்போட்டவர்கள் காத்திருந்தே தாத்தாவான காலத்தில், பாயின் லைனிலிருந்து மதில் வழியாக ஒரு கம்பியை இழுத்து என் வீட்டு அடுக்களையில் போன் வைத்த உத்தமன் நான். அது ஆபீஸ் கொடுத்த பரிசு என்று சுந்தரியிடம் சொல்லியிருந்தேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

"சுந்தரி, போனை வை!"

"ஏங்க? நீங்க எங்கேருந்து பேசுறீங்க?"

"ஆகாசத்துலேருந்து! வை!"

"தங்கச்சி தருமபுரத்துலேருந்து ஜாதகம் பத்தி..."

"வச்சா பட்டுப்புடவை!"

டக்கென்று வைத்தாள்.

"எனக்கு, அத்தான்?" என்றது தருமபுரம்.

"உனக்கும்தான்!"

பச்சை விளக்கு அசையாமல் நின்றது. இரண்டு ஐம்பத்துமூன்றுக்குக் கடைசிக் காகிதமும் போய்ச் சேர்ந்தது. "வந்துருச்சு சார்! இடம் உங்க கப்பலுக்குத்தான்!" என்று பாரதிப்ரியா கத்திய கத்தலில் செல்போனே குதித்தது. பாய் டீக்கடைக்காரர் உட்பட எல்லோரையும் கட்டிப்பிடித்தார்.

நான் மெல்லக் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு மதில் பக்கம் நழுவினேன். பின்னாலேயே வந்தார் பாய்.

"வெட்டிப்புடாதீங்கண்ணே. மோடம் டப்பாவுல இன்னொரு ஃபில்டர் கெடக்கு, பேசுனாலும் நெட்டு அறுவாம உங்க போனுக்கும் மாட்டிருங்க."

"பாய்... உங்களுக்குத் தெரியுமா?"

"பதினெட்டு வருசமா தெரியும். அந்தப் பேச்செல்லாம் எங்க ரிசீவர்லயும் கேக்கும்ல. மச்சினி மவளுக்கு அந்த மாப்பிள்ளையே முடிவாயிருச்சான்னு தெரியாம எங்க வூட்டு ஆஸியாவுக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."