தூதன் எங்கே நின்றான்?

கிரேக்கத்தின் கப்பல் பட்டறை ஊரான பெராமாவின் நூலகத்தில் பழங்கால கிரேக்க நாடகம் படிக்கக் கூடும் பெண்களுக்கு வாத்தியார் த்ராசோஸ் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லுவார்: முதலில் இரக்கம் வரவேண்டும், அப்புறம் பயம், கடைசியில் மனசு கழுவிவிட்டதுபோல் ஆகவேண்டும். பேக்கரியில் வேலை செய்யும் ஸ்தமாத்தியாவுக்கு வந்ததோ ஆத்திரம்.

"நாடகத்துல சாவுச் செய்தி கொண்டுவர்ற இந்தத் தூதன் எங்க சார் நின்னுக்கிட்டிருந்தான்?" என்றாள். "பையன் கடல்ல முழுகினதை நுரை முதற்கொண்டு வர்ணிக்கிறான். ஒரு கயிறு தூக்கிப்போட கையில்லையா?"

"தூதன்னா அப்படித்தாம்மா. வருவான், சொல்லுவான், போயிடுவான். அவனை யாரும் கேள்வி கேட்டதில்ல."

"அதான் இவ்வளவு அழகாப் பேசறான்."

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி பனாகோஸின் மனைவி தியோனிசியா மட்டும் சிரிக்கவில்லை. போன வருஷம் பனாகோஸ் மேஸ்திரியாக இருக்கும் கப்பல் பட்டறையில் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிய ஸ்தமாத்தியாவின் தம்பி லூக்காஸ், விஷவாயுவில் செத்துப்போனான். செய்தி கொண்டுவந்தவர் பனாகோஸ்தான். "தூங்கற மாதிரி சாஞ்சுட்டான், ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்று அவர் சொன்ன பக்குவத்தில் அம்மா அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள். விசாரிக்க வந்தவர்களும் அதையே எழுதிக்கொண்டு வழக்கை மூடினார்கள். முதலாளி தப்பித்தான். அந்த வழக்கை மறுபடி திறக்கவைக்காமல் விடுவதில்லை என்று ஸ்தமாத்தியா கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஊரார் முன்னால் வாசிக்கும் நாள் வந்தது. தூதன் பகுதியை ஸ்தமாத்தியா அடம்பிடித்து வாங்கியிருந்தாள். மனைவி வாசிப்பதைக் கேட்க பனாகோஸ் இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஸ்தமாத்தியா ஒரு வரி விடாமல் வாசித்து முடித்துக் காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"மேஸ்திரி, உங்களைத்தான். என் தம்பிக்கு ஒண்ணும் தெரியலைன்னீங்களே, பக்கத்துல இருந்தீங்களா? இருந்தா ஏன் இழுக்கல? இல்லேன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வெட்கக்கேடு!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். எங்கள் ஜனங்கள் பழைய நாடகத்தில் ஒரு வரி மாறினாலே அப்படித்தான் கத்துவார்கள். ஆள் செத்தால் வாயைத் திறக்கமாட்டார்கள்.

"தூதன் மேடையை விட்டுப் போற இடம்மா இது, போயிடு," என்று வாத்தியார் கிசுகிசுத்தார்.

"இந்தத் தூதன் போகமாட்டான் சார்."

பனாகோஸ் எழுந்து வாசல் பக்கம் திரும்பினார். மேடையிலிருந்து தியோனிசியாவின் குரல் வந்தது.

"நில்லு பனாகோஸ். எங்கிட்ட சொன்னதை அவகிட்ட சொல்லு."

நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தார். "கூப்பிட்டான். என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டான். பட்டறையில விஷவாயு முகமூடி ஒண்ணுகூட இல்ல. இறங்கப் போனவங்களை நான்தான் தடுத்தேன். வெளிய சொல்லாதேன்னு முதலாளி சொன்னாரு."

ஸ்தமாத்தியா மேடை விளிம்புக்கு வந்தாள்.

"சத்தமா சொல்லுங்க மேஸ்திரி," என்றாள். "கடைசி வரிசைக்குக் கேக்கல."