உள்ளே மூட்டிய அடுப்பு

"இன்னாமே இது?" என்று கேட்டாள் பாப்பம்மா. இடுப்பில் இருந்த சோற்றுப் பானையை அவள் இன்னும் இறக்கி வைக்கவில்லை.

குடிசையின் உள்மூலையில், மூங்கில் தட்டிச் சுவரை ஒட்டி, புதிதாக ஓர் அடுப்பு இருந்தது. மண் ஈரம்கூடக் காயவில்லை. அதன் முன்னால் இளையாள் ரத்தினம்மா குந்தியிருந்தாள். அவளுக்கு ஐந்து மாதம். அவள் புருஷனைப் பார்த்தாள்.

"நான்தான் கட்டிக் குடுத்தேன்," என்றான் சின்னசாமி. "புள்ளத்தாச்சி பொம்பள, அந்தப் பொது அடுப்பாண்ட போயி வரிசைல நிக்கணுமா? ஊரக் கூட்டாத. கம்முனு இரு."

பாப்பம்மா பானையை இறக்கினாள்.

சின்னசாமி அந்த லைனுக்கு வாட்ச்மேன். ஊரிகம் ஸ்டேஷனிலிருந்து பார்த்தால் தெரியும், தங்கச் சுரங்கக் கூலிகள் குடியிருக்கும் லைன்களில் அதுவும் ஒன்று. முதுகோடு முதுகு ஒட்டிய மூங்கில் குடிசைகள், மேலே காய்ந்த புல். போன கோடையில் பக்கத்து லைனில் முப்பது குடிசைகள் ஒரே மத்தியானத்தில் சாம்பலாகிவிட, கம்பெனி சட்டம் போட்டது. குடிசைக்குள் யாரும் அடுப்பு மூட்டக் கூடாது. லைன் கோடியில் தகரக் கூரை போட்ட பொது அடுப்பில்தான் சமைக்க வேண்டும். யாரும் சட்டத்தை மீறாமல் பார்த்துக்கொள்வதுதான் சின்னசாமியின் வேலை.

சட்டம் வந்த அன்று, லைன் முழுவதும் பார்க்கட்டும் என்று, அவன் முதலில் உடைத்தது சொந்த வீட்டு அடுப்பை. அது பாப்பம்மா பன்னிரண்டு வருஷம் மெழுகிய அடுப்பு. கம்பியால் அவன் இடித்தபோது ஜனங்கள் "நியாயஸ்தன்யா!" என்றார்கள். அவளுக்கும் அன்று உள்ளூரப் பெருமைதான். அதே கம்பியால் அடுத்த வீட்டுப் பார்வதம்மாவின் அடுப்பையும் உடைத்தான். காய்ச்சலில் கிடந்த புருஷனுக்கு அவள் வைத்த கஞ்சி மண்ணோடு போயிற்று.

அதற்கு மூன்று மாதம் கழித்து அவன் ரத்தினம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தான். பாப்பம்மாவுக்குப் பிள்ளை இல்லை; காரணம் அது போதும். குறை யாரிடம் என்று எவரும் கேட்கவில்லை. அவளே பங்காளி வீடுகளை வெற்றிலை வைத்து அந்தக் கல்யாணத்துக்கு அழைத்தாள். அப்படித்தான் நல்ல பெண்டாட்டி செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

புருஷனைப் பங்கு போட்டதைத் தாங்கிக்கொண்டவளுக்கு இந்த அடுப்பைத் தாங்க முடியவில்லை. அது ரத்தினம்மாவுக்கு மட்டும்தான். பகலெல்லாம் சுரங்கத்து மேட்டில் கல் சுமந்துவிட்டு, பொது அடுப்பில் இருபது பெண்களுக்கு நடுவே தன் முறைக்காக நிற்பாள். அப்போது லைன் பக்கமிருந்து கருவாடு வதங்கும் வாசனை வரும். அது தன் வீட்டுக் கருவாடு என்று அவளுக்குத் தெரியும். கூரைப் புல்லுக்குள்ளிருந்து கசியும் புகையை எல்லோரும் பார்ப்பார்கள். பிறகு அவள் முகத்தைப் பார்ப்பார்கள்.

"உன் ஊட்டுல மட்டும் சட்டம் தூங்குதா?" என்றாள் பார்வதம்மா ஒருநாள்.

"புள்ளத்தாச்சி," என்றாள் பாப்பம்மா. அந்தச் சொல் அவள் நாக்கைச் சுட்டது.

ஒருமுறை கம்பெனிக் கணக்கெழுதும் ரைட்டர் ஏசுபாதத்தின் ஆபீஸ் வாசல் வரைக்கும் போனாள். சொன்னால் சின்னசாமியின் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். திரும்பி வந்துவிட்டாள். அன்று ரத்தினம்மா உள்ளேயே வெந்நீர் வைத்துக் குளித்து, ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்தபோது பாப்பம்மாவின் வயிறு எரிந்தது.

ரத்தினம்மாவுக்கும் எரிச்சல் இல்லாமல் இல்லை. அவள் வைத்த குழம்பை ஒரு வாய் தின்றுவிட்டு, "பாப்பம்மா கைப்பக்குவம் உனக்கு வராது" என்று சொல்வான் அவன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்னசாமி ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். உச்சிவெயில், பேய்க்காற்று. பொது அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தபோது தன் கூரைமேல் புகையைப் பார்த்தாள் பாப்பம்மா. சமையல் புகை வெளுப்பாக இருக்கும். இது கறுப்பாக இருந்தது.

அவள் ஓடவில்லை.

'எரியட்டும்' என்று நினைத்தாள். நின்றாள். பானை பொங்கி வழிந்து அடுப்பு அணையும் வரைக்கும் நின்றாள். பிறகு ரத்தினம்மாவின் அலறல் கேட்டது. "அக்கா!" என்றுதான் அலறினாள். அவள் வாயில் அந்தச் சொல் வந்தது அதுவே முதல் தடவை.

பாப்பம்மா போய்ச் சேர்ந்தபோது வாசல் எரிந்துகொண்டிருந்தது. பின்பக்கத் தட்டியை வெறுங்கையால் பிய்த்தாள். எரியும் மூங்கில் வேட்டு மாதிரி வெடித்தது. முழங்கை வரைக்கும் தோல் வழன்றது. ரத்தினம்மாவின் முடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். அதற்குள் நெருப்பு எட்டுக் குடிசைகளைப் பிடித்துவிட்டது. உயிர் ஒன்றும் போகவில்லை. அந்த எட்டில் மிச்சம் என்று எதுவும் நிற்கவுமில்லை.

மறுநாள் காலையில் விசாரணை. கம்பெனி மேலதிகாரி டக்ளஸ் துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரைட்டர் ஏசுபாதம் பக்கத்தில் நின்று தமிழை இங்கிலீஷாக்கினார்.

"இவதாங்க தீ வெச்சது," என்றான் சின்னசாமி, பாப்பம்மாவைக் காட்டி. "வயித்தெரிச்சல் புடிச்சவ. லைன்ல யார வேணா கேளுங்க."

கேட்க வேண்டியிருக்கவில்லை. கூட்டமே தலையாட்டியது. பிள்ளையில்லாத மூத்தாளின் பொறாமையை நம்புவதற்குச் சாட்சி எதற்கு?

"இன்னாம்மா சொல்ற?" என்றார் ஏசுபாதம்.

எரியட்டும் என்று நினைத்தது தான்தானே என்று பாப்பம்மா தலை குனிந்து நின்றாள். கையில் சுற்றிய துணியில் நீர் கசிந்தது.

ரத்தினம்மாவைக் கூப்பிட்டார்கள். "ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு" என்று சின்னசாமி முன்பே சொல்லி வைத்திருந்தான். அவள் துரையைப் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை.

"நெருப்பு மூட்டுனது நான். உள்ளதான் மூட்டுனேன். காத்துல பொறி பறந்து தட்டில புடிச்சிகிச்சி. அந்த அடுப்பக் கட்டிக் குடுத்தது இவரு. என்னை வெளிய இஸ்துப் போட்டது அக்கா."

"பொய்யி துரை!" என்று கத்தினான் சின்னசாமி. பார்வதம்மா முன்னால் வந்தாள். "நெசம்தான். தெனம் பொகை பாத்தோம். எங்க அடுப்ப ஒடைச்ச கையிதான் அத்தக் கட்டுச்சி."

துரை சின்னசாமியை வேலையிலிருந்து நீக்கினார். பிறகு ஏதோ சொல்ல, ஏசுபாதம் குறித்துக்கொண்டார்.

"இன்னா எழுதுனீங்க?" என்றாள் பாப்பம்மா. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அது.

ஏசுபாதம் தயங்கினார். "தீப்பிடித்த காரணம், ஒரு கூலியின் இரண்டு மனைவிகளுக்குள் பொறாமை."

"எனக்குப் பொறாமை இருந்திச்சி. இல்லன்னு சொல்லல. அது மாசக்கணக்கா எரிஞ்சிகினுதான் இருந்திச்சி, ஒரு ஊடும் பத்திக்கல. எரிஞ்சது மூங்கிலு. அத்த எழுதுங்க."

ஏசுபாதம் அதைத் துரைக்குச் சொல்லவில்லை. புத்தகத்தை மூடினார்.

சின்னசாமி ஊருக்குப் புறப்பட்டபோது ரத்தினம்மாவை மட்டும் கூப்பிட்டான். அவள் அசையவில்லை. "புள்ள என்னுது," என்றான். "பொறக்கட்டும், வந்து பாரு," என்றாள். அவன் தனியாகவே ரயிலேறினான்.

வீடிழந்தவர்கள் பொது அடுப்பின் தகரக் கூரையடியில் படுத்துக் கிடந்தார்கள். பாப்பம்மா ரைட்டரிடம் போய்க் குடிசை கேட்டாள். கம்பெனிப் பதிவில் உள்ள ஆண் கூலியின் நம்பருக்குத்தான் குடிசை. கல் சுமக்கும் பெண்ணுக்குக் கிடையாது என்றார். ராத்திரியில் ரத்தினம்மா தன் வயிற்றைத் தடவிக்கொண்டு தூங்குவதைப் பார்த்தால் பாப்பம்மாவுக்கு இன்னும் எரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் சேலைத் தலைப்பை அவள்மேல் இழுத்துவிட்டாள்.

பத்தாம் நாள் எட்டுக் குடிசைகளையும் திரும்பக் கட்ட உத்தரவு வந்தது. சுமக்கக் கூலிப் பெண்களை அனுப்பினார்கள். வண்டியிலிருந்து இறங்கியவை மூங்கில் கட்டுகளும் புல்லுக் கட்டுகளும்தான்.

பாப்பம்மா ஒரு கட்டைத் தூக்கித் தலையில் வைத்தாள். நாலடி நடந்தாள். பிறகு அதை வழியிலேயே கீழே போட்டாள்.

"இன்னாமே, கை வலிக்குதா?" என்றான் மேஸ்திரி.

"இல்ல." அவள் சுரங்கத்துப் பக்கம் கை நீட்டினாள். பூமிக்குள்ளிருந்து எடுத்துக் கொட்டிய கழிவுக்கல் மலைபோல் குவிந்து கிடந்தது. "அவ்ளோ கல்லு நாங்கதான் சொமந்து கொட்டுனோம். செவுரு வெக்க அத்தக் குடுங்க, சொமக்கிறோம். இத்த சொமக்க மாட்டோம்."

மேஸ்திரி சிரித்தான். பார்வதம்மா தன் கட்டையும் கீழே போட்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் போட்டாள். சிரிப்பு நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்த ரத்தினம்மா, குறுக்கே கிடந்த மூங்கில் கட்டின்மேல், யாரும் எடுக்க முடியாதபடி உட்கார்ந்துகொண்டாள்.