டிரெசர் போட்ட கூட்டம்

புக்கிட் பெலண்டோக் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் அறிவித்த நாளிலிருந்து ஒரு சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கூட்டம். காட்டில் துப்பாக்கியோடு திரிந்த கம்யூனிஸ்டுகளுக்கும் கலைத்துவிட்ட பழைய தொழிற்சங்கத்துக்கும் போலீஸ் வாயில் அந்த ஒரே பெயர்தான். திருவிழாவுக்குக் கூட "சனம் நெறைய" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள்.

இதெல்லாம் டிரெசர் விசுவலிங்கத்தின் காதில் ஏறவே இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் யாழ்ப்பாணத்து மனிதர். தங்கமான மனிதர்தான், ஆனால் கண் எப்போதும் ஆகாயத்தில். மலாய்க்காரர்கள் லாயாங்-லாயாங் என்று சொல்லும் வால் பிளந்த குருவிகள், மழைக்காலம் பிறந்தால் வடக்கேயிருந்து வந்துவிடும். சாயங்காலம் பெரட்டுத் திடலுக்கு மேலே சுற்றிச் சுழன்றுவிட்டு டெலிபோன் கம்பியில் அடையும். காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் திடல் அது. அத்தனை குருவியும் முட்டாமல் மோதாமல் ஒரே நொடியில் திரும்புகின்றனவே, யார் சொல்லித் திரும்புகின்றன? அந்தக் கேள்வி அவரைப் பிடித்து ஆட்டியது.

கண்ணை நம்பிப் பயனில்லை என்று, சிரம்பானில் ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது விற்ற சினிமாக் கேமராவை வாங்கினார். சாவி கொடுத்தால் ஓடும். வேகமாக ஓடவிட்டுப் பிடித்தால், கண் சிமிட்டும் நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒரே தொல்லை, ரப்பர் பால் வாளிகளின் சத்தம். டங் என்று ஒன்று கேட்டால் போதும், குருவிகள் சிதறிவிடும்.

ஆகவே ஒருநாள் காலை, எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, டிரெசர் வந்து கணீரென்று சொன்னார்.

"பின்னேரம் இஞ்சை கூட்டம். ஒருத்தரும் சத்தம் போடாதேங்கோ. நான் வடிவாய்ப் படம் பிடிக்கவேணும்."

பேர் கூப்பிட்டு வேலை ஏவும் முருகையா மண்டோருக்கு முகம் வெளுத்தது. பால்வெட்டும் முத்தாயி பக்கத்தில் நின்ற மங்கம்மாவின் கையைக் கிள்ளினாள். "இந்த மனுசனுக்குக் கிறுக்கு புடிச்சிருச்சா லா?"

அன்று மாலை திடலில் ஈ காக்கை இல்லை. ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் கதவெல்லாம் சாத்தியிருந்தது. என்ன பணிவான சனங்கள் என்று டிரெசர் மனம் குளிர்ந்து, ஆசை தீரப் படம் பிடித்து, கழுவுவதற்குச் சிங்கப்பூருக்கு அனுப்பிவைத்தார்.

பொட்டலம் திரும்பி வந்த அன்றே போலீசும் வந்தது. யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். பிரிக்காத பொட்டலத்தோடு அவரை வேனில் ஏற்றிக்கொண்டு போய், சார்ஜன் நல்லசாமியின் முன் உட்காரவைத்தார்கள்.

"கூட்டத்துக்குத் தலைவன் யாரு?" என்று கேட்டார் சார்ஜன்.

தன் கேள்வியையே இன்னொருவர் கேட்டதில் டிரெசருக்கு ஒரே மகிழ்ச்சி. "அதைத்தான் நானும் தேடிக்கொண்டிருக்கிறன்!"

"எவ்வளவு இருக்கும்?"

"ஆயிரத்துக்குக் குறையாது."

சார்ஜனின் பேனா நின்றது. "எங்கேருந்து?"

"சீனாப் பக்கம் எண்டு சொல்லுகினம்."

"சாப்பாடு?"

"அதுக்கென்ன குறை? எங்கடை தோட்டம் இருக்கே!"

சார்ஜன் பேனாவை மூடினார். "போதும். நாளைக்கு சிரம்பான். அங்கேருந்து தடுப்பு முகாம்."

அப்போதுதான் டிரெசருக்கு உறைத்தது. "ஐயோ, குருவி! நான் சொன்னது குருவிக் கூட்டம்!"

"இப்பதான் குருவியாச்சா?" என்று சார்ஜன் கதவைப் பூட்டச் சொன்னார்.

கம்பிக்குப் பின்னால் டிரெசர் உடைந்துபோனார். முகாமுக்குப் போனவன் எப்போது திரும்புவான் என்று யாருக்குத் தெரியும்? படத்தையும் பார்க்கவில்லை. கேட்க நாதியும் இல்லை. தான் ஆபீசில் கணக்கெழுதும் கிராணிமார் பக்கத்து ஆள், பேச்சே வேறு. மருந்து வாங்க வருகிறவர்கள் மருந்து வாங்கிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான் என்று இத்தனை காலம் எண்ணியிருந்தார்.

விடிந்தபோது வெளியே பேச்சுக்குரல். ஸ்டேஷன் வாசலில் முத்தாயி, மங்கம்மா, முருகையா மண்டோர், அவர்களுக்குப் பின்னால் சாலைவரை தோட்டத்து ஆட்கள். நாலு பேர் சேர்ந்து நிற்கவே நடுங்கிய காலம் அது.

சார்ஜன் வெளியே பாய்ந்தார். "யாரு இவங்களைக் கூட்டிக்கிட்டு வந்தது?"

"யாரும் கூட்டிக்கிட்டு வரல்லங்க" என்றாள் முத்தாயி. "மங்கம்மா வாளியை எறக்கி வச்சா. நானும் எறக்கி வச்சேன் லா."

"நான் மண்டோரு நடக்கிறதப் பாத்துதான் நடந்தேன்" என்றாள் மங்கம்மா.

மண்டோர் கையைப் பிசைந்தார். "நான் முத்தாயி பின்னாலதாங்க வந்தேன்."

சார்ஜன் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தலைசுற்றியதுதான் மிச்சம்.

"அன்னிக்கு ஒரு மனுசன் வெளிய வரல்ல சார்ஜன்யா" என்றாள் முத்தாயி. "நாங்க பயந்து கதவைச் சாத்திக்கிட்டோம். வந்ததெல்லாம் குருவிதான். எம்புள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப விடிய விடிய முழிச்சிருந்து காப்பாத்துன மனுசனுங்க அவரு."

உள்ளே டிரெசர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அழுகையை அடக்க முடியவில்லை.

சார்ஜன் உள்ளே வந்து பொட்டலத்தைப் பிரித்தார். சுருளை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். குருவி. இழுத்தார். மறுபடி குருவி. இழுக்க இழுக்கக் குருவியாகவே வந்தது. வெகுநேரம் கழித்து, கதவைத் திறக்கச் சொன்னார்.

"இதுல தலைவன் எது?"

டிரெசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். முதன்முதலாக அப்போதுதான் தன் படத்தைப் பார்க்கிறார். ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

"இந்தா, முன்னுக்கு நிக்குது. கொஞ்சம் தள்ளிப் பாருங்கோ, திரும்பின உடனை அதே குருவி பின்னுக்கு. தலைவன் எண்டு ஒண்டும் இல்லைப் போலை. ஒவ்வொண்டும் பக்கத்திலை பறக்கிறதைப் பாத்துத் திரும்புது."

சார்ஜன் ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தார். சுருளைச் சுற்றிக் கொடுத்து, வீட்டுக்குப் போகச் சொன்னார்.

சனிக்கிழமை, அரசாங்கப் படம் காட்டும் வேன் தோட்டத்துக்கு வந்தது. டிரெசரின் சுருளை மிஷினில் மாட்டினார்கள். திடலில் வெள்ளைத் துணி கட்டியாயிற்று. ஆனால் சனம் சேரப் பயந்து ஒருவரும் லயத்தை விட்டு இறங்கவில்லை. வேனோடு காவலுக்கு வந்திருந்த சார்ஜன் நல்லசாமி மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமினார்.

"இன்னிக்குப் பெரட்டுத் திடல்ல கூட்டம். எல்லாரும் வாங்க!"

லயத்தில் முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கதவுகள் திறந்தன.