ஏழு ஊசித் தண்ணீர்

செவலைக் கோழி மூன்று நாளாக வாத்து மாதிரி நிமிர்ந்து நடந்தது. வயிறு கீழே தொங்கிப்போய், காலுக்கு நடுவில் தண்ணீர்ப் பையைக் கட்டிவிட்டதுபோல் ஆடியது. பின்பக்கத்து இறகெல்லாம் எச்சத்தில் ஒட்டிக் கிடந்தது. முட்டை அடைத்துக்கொண்டிருக்கும் என்றுதான் செல்லி முதலில் நினைத்தாள். பிளாஸ்டிக் டப்பில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, உப்புப் போட்டு, அதில் கோழியை உட்கார வைத்தாள். பிறகு சுண்டுவிரலில் விளக்கெண்ணெய் தொட்டு, முட்டை வரும் வழியில் மெதுவாக விட்டுப் பார்த்தாள். முட்டை எதுவும் தட்டுப்படவில்லை. வயிற்றை அமுக்கினால் உள்ளே தண்ணீர்தான் குலுங்கியது.

உள்ளே கட்டிலில் சாய்ந்து கிடந்த அவள் புருஷன் ராஜாக்கண்ணுவின் வயிறும் அப்படித்தான் குலுங்கும்.

ராஜாக்கண்ணு ஒரு நாளும் குடித்தவன் இல்லை. எப்போதோ வந்த காமாலை உள்ளேயே தங்கி ஈரலைக் கெடுத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அதை யார் நம்பினார்கள்? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன்கூட, "இப்பவாச்சும் வுட்டியா?" என்று கேட்டான். மலைக்குக் கீழே இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வயிற்றில் குழாய் போட்டு நீர் எடுப்பார்கள். போன தடவை எடுக்கும்போதே கண் செருகி மயங்கியவன், இரண்டு நாள் பேச்சில்லாமல் கிடந்தான்.

அன்றைக்கு வார்டில் இருந்தது காவியா என்கிற நர்ஸ் பெண். நீர் ஒரேயடியாக இறங்கும்படி குழாயைத் திறந்துவிட்டு எங்கேயோ போய்விட்டாள் என்று செல்லி வார்டே அதிரும்படி கத்தினாள். பெரிய டாக்டர் வந்ததும், "இந்தப் பொண்ணுதான் என் மாமாவைக் கொல்லப் பாத்துச்சு" என்று அவரிடம் கைகாட்டினாள். "நான் மூடிட்டுத்தாம்மா போனேன்" என்று அந்தப் பெண் அழுதாள். செல்லி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கோழிக்காகக் கால்நடை ஆஸ்பத்திரி அருள்மணிக்குப் போன் செய்தாள். சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது.

"முட்டை வழி தப்பி வயித்துக்குள்ள வுழுந்திருக்கும், இல்லன்னா ஈரல் கெட்டிருக்கும்" என்றார் அருள்மணி. "பொழைக்கறது கஷ்டம்மா. மூச்சு ரொம்ப முட்டுதுன்னா இங்க எடுத்துட்டு வா."

"பஸ்ல அம்மாந்தூரம் தாங்காதுங்க சார்."

"அப்படின்னா புது ஊசி வாங்கி நீயே கொஞ்சம் எடு. ரெண்டு ஊசி நெறைய, அவ்ளோதான். மீதி நாளைக்கு. ஒரேயடியா எடுத்தா உசுரு தாங்காது, கேட்டுக்கினியா?"

காவலூர் மெடிக்கலில் இருப்பதிலேயே பெரிய ஊசியாக வாங்கிவந்தாள். வாசலிலேயே வைத்து முடித்துவிடலாம் என்று பார்த்தாள். ராஜாக்கண்ணு விடவில்லை. "இங்க எடுத்துட்டு வா, நான் புடிச்சிக்கறேன்" என்றான். கொல்லைக்கும் போக முடியாமல் கிடக்கிறவனுக்குப் பகலெல்லாம் துணை அந்தக் கோழிதான். கட்டில் காலடியில் வந்து உட்காரும். தட்டில் மிஞ்சிய சாமைச் சோற்றை அவன் கையிலிருந்தே கொத்தும்.

அவன் கோழியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். செல்லி வயிற்றின் அடியில் இறகை விலக்கி, மருந்துப் பஞ்சால் துடைத்து, ஊசியை இறக்கினாள். கோழி ஒருமுறை உதறியது. மஞ்சளாக, நெய் உருகினாற்போல நீர் ஏறிவந்தது. ஒரு ஊசி. இரண்டு. வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டிருந்த கோழி அலகை மூடியது.

"பாரு, மூச்சு வுடுது" என்றான் ராஜாக்கண்ணு. "இன்னும் எடு."

"ரெண்டுதான் சொன்னாரு மாமா."

"அவருக்கு இன்னா தெரியும்? வயித்துல தண்ணி நின்னா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும். எடு செல்லி. அதுவாச்சும் நல்லா மூச்சு வுடட்டும்."

அவன் குரல் கெஞ்சியது. கோழிக்காகத்தான் கெஞ்சுகிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. மூன்றாவதை எடுத்தாள். நான்காவதும் எடுத்தாள். கோழி கண்ணை மூடி அமைதியாக இருந்தது. சுகத்தில் கிறங்குகிறது என்று இருவருமே நினைத்தார்கள். ஏழாவது ஊசி பாதி நிறைந்தபோது கொண்டை வெளுத்து, தலை துண்டுக்கு வெளியே தொங்கியது. செல்லி கோழியைப் பிடுங்கிக் கொண்டைமேல் நீர் தெளித்தாள், நெஞ்சைத் தேய்த்தாள். கால் இரண்டும் ஒருமுறை நீண்டு அப்படியே விறைத்தன.

ராஜாக்கண்ணு ஈரத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அன்னைக்கும் நான்தான்" என்றான்.

"இன்னா நீதான்?"

"ஆஸ்பத்திரில. நீ வெளிய போயிருந்தப்போ அந்தப் பொண்ணு மூடிட்டுத்தான் போச்சு. இன்னொரு வார்டுல கூப்ட்டாங்க, இதோ வர்றேன்னு சொல்லிட்டுப் போச்சு. கொஞ்சம் தண்ணி போனதுமே அவ்ளோ இதமா இருந்துச்சு. எல்லாம் போய்ட்டா தேவலன்னு நானே தெறந்து வுட்டுட்டேன்."

"ஏன் சொல்லல?"

"முழிச்சப்போ நீ எல்லாம் பேசி முடிச்சிருந்த. அப்புறம் வெக்கமாப் போச்சு."

"வெக்கமா?" அவள் எழுந்தாள். கோழியைத் தூக்கிக்கொண்டு போய், நாய் தோண்டாத ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைத்தாள். அதற்குப் பிறகு ஐந்து நாள் அவனுக்குக் கஞ்சி கொடுத்தாள், உடம்பு துடைத்துவிட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறாம் நாள் மறுபடி நீர் எடுக்கப் போனார்கள். குழாய் போட வந்தது வேறு நர்ஸ். காவியா எங்கே என்று செல்லி கேட்டதற்கு, "அவ இல்லம்மா. அன்னைக்கு நடந்ததுக்கு நின்னுக்கச் சொல்லிட்டாங்க. காண்ட்ராக்ட் வேலைதானே" என்றாள் அவள். செல்லி நேரே பெரிய டாக்டர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைக்காமலே கேட்டுவிட்டு, "இப்ப வந்து சொல்றியேம்மா, அந்த இடத்துக்கு வேற ஆள் போட்டாச்சே" என்றார்.

நர்ஸிடம் நம்பர் வாங்கி, ஆஸ்பத்திரி வாசலில் நின்று காவியாவுக்குப் போன் செய்தாள். தான் யார் என்று முதலில் சொன்னாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திறந்ததை, தான் கைகாட்டியதை. "நீ மூடிட்டுத்தான் போயிருக்க கண்ணு. நான்தான் பாவி. டாக்டருகிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள்.

"எங்க வூட்டுலயே யாரும் நம்பலங்க" என்றாள் காவியா. பிறகு, "வேற எதுனா இருக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல கண்ணு."

காவியா போனை வைத்துவிட்டாள்.

வார்டுக்குத் திரும்பினாள். குழாய் வழியாக நீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அவன் இரண்டு கையையும் முதுகுக்கு அடியில் வைத்துப் படுத்திருந்தான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"இன்னா சொல்லிச்சு?"

"ஒன்னும் சொல்லல."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். செல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டு, குழாய்த் திருகுக்கும் அவன் கைக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.